இரண்டு மூச்சில் ஊதிய குமிழ்கள்

எங்கள் பட்டறையின் ஓவனை வாங்கிக்கொண்டு போன காலேஜில், கண்ணாடிப் பிரிவுக்கு இரண்டு பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். ஓவனில் சூட்டை எப்படி ஏற்றி எப்படி இறக்குவது என்று கேட்க வீட்டுக்கு வந்தவர்கள், கிளம்பும்போது, "அம்மா, எங்க லேப் மலருக்கு செக்கிங் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். எத வச்சு ஒரு பீஸத் தள்றீங்க, எத வச்சுப் பாஸ் பண்றீங்கன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்ல" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் அது ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மீதியை எப்படி நிரப்புவது என்று யோசித்தபோதுதான், நிரப்ப வேண்டியது என்னவென்று எனக்கே தெரிந்தது. என் செக்கிங் ஒரு நாளும் தப்பாகாத ஒரு வருஷத்தில்தான் என் கொழுந்தன் பூபாலனுடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அவனுடைய நோயை முதலில் பார்த்தது டாக்டர் இல்லை, நான். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அதை விட்டுவிட்டு செக்கிங் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

நான் காடாம்புலியூர்ப் பெண். பெயர் அஞ்சலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த கை, கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்ததும் கண்ணாடிக் குழாயைப் பிடித்தது. என் மாமனார் சென்னையில் வேலை கற்றவர். இங்கே நிலக்கரியைச் சோதிக்கிற லேப்களில் உடையும் சாமான்களை ஒட்டிக் கொடுக்க ஆளில்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு பர்னரைச் சாக்கில் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்தவர். டவுன்ஷிப் ஆர்ச்சுக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டார். நிலக்கரிக் கம்பெனியில் நாங்கள் பர்மனென்ட்டும் இல்லை, கான்ட்ராக்ட்டும் இல்லை. கூப்பிட்டால் போவோம், கொண்டுவந்தால் செய்வோம். மூத்த மகன் கோதண்டம் என் வீட்டுக்காரர். இளையவன் பூபாலன். மாமாவும் சேர்த்து மூன்று பேரும் ஊதுவார்கள். பின்னால் பூபாலனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செல்வி, செய்த சாமானை வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்புவாள்.

நாங்கள் செய்தது பூச்சாடி இல்லை, பொம்மை இல்லை. ஆவியைக் குளிர வைக்கும் நீளக் குழாய், மூன்று கழுத்துக் குடுவை, தெர்மல் பவர் ஸ்டேஷனில் புகைபோக்கிக் காற்றைப் பிடித்துச் சோதிக்கும் குழல், இப்படி. லேப் அட்டெண்டர் ஒருவர் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் கண்ணாடி ஊதற வூடு, காபி குடுக்கறது மட்டும் எவர்சில்வர் தம்ளர்ல." யார் எதை நன்றாகச் சொன்னாலும், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைப்பது என் பழக்கம். அவர் சொன்னதும் அந்த ஆணியில் ஏறியது.

முதல் இரண்டு வருஷம் கழுவினேன். பிறகு குழாய் அறுத்தேன். பிறகு கழுத்தும் மூடியும் கசியாமல் பொருந்துவதற்காக, கரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு உரசினேன். ஒரு நாள் கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு குடுவையைத் தனியே எடுத்து வைத்து, "இது சரியில்லங்க மாமா" என்றேன். என்ன சரியில்லை என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அவரும் விட்டுவிட்டார். மூன்றாம் நாள், யாரும் தொடாமல், அலமாரியில் இருந்தபடியே அது வாயிலிருந்து அடிவரை விரிசல் விட்டது.  மாமா செக்கிங் பெட்டியை மேசையோடு என் பக்கம் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் எனக்கு நடந்த பயிற்சி.

இப்போது வேலையைச் சொல்கிறேன்.

ஊதுகிறவர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து நெருப்பில் சுற்றிக்கொண்டே இருப்பார். கண்ணில் ரோஸ் நிறக் கண்ணாடி போட்டிருப்பார், இல்லாவிட்டால் சுவாலையின் மஞ்சளில் உள்ளே எதுவும் தெரியாது. குழாயின் ஒரு முனையைக் கார்க்கால் அடைத்திருக்கும். மறு முனையில் மெல்லிய ரப்பர் குழாய், அதன் நுனி அவர் பல்லுக்கிடையில். கண்ணாடி தேன் பதத்துக்கு வந்ததும் நெருப்பிலிருந்து வெளியே எடுப்பார். எடுத்த கணத்திலிருந்து அது ஆற ஆரம்பித்துவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், கை சுற்றியபடி இருக்க, ஊத வேண்டும். காற்று நிறைய வேண்டாம். ஒரு பலூனுக்குச் செலவாவதில் பாதி போதும். ஆனால் அதை நடுங்காமல், விட்டு விட்டு ஊதாமல், ஒரே சீராக விட வேண்டும். மூச்சு நடுவில் அறுந்தால், அதற்குள் மெலிந்த இடம் ஆறிக் கெட்டியாகிவிடும். அடுத்த மூச்சு இன்னும் சூடாக இருக்கிற இடத்தை மட்டும் தள்ளும். குமிழுக்கு நடுவில் ஒரு வளையம் விழும். தடவினால் கட்டை விரலுக்குத் தெரியும், சும்மா பார்த்தால் தெரியாது.

அதை எப்படிப் பார்ப்பது என்றால், டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். குமிழின் மேல் வெளிச்சம் ஒரு கோடாக விழும். ஒரே மூச்சில் ஊதியதாக இருந்தால் அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மூச்சாக இருந்தால் ஓரிடத்தில் துள்ளும். அதற்குப் பிறகு பெட்டி. உள்ளே ஒரு பல்பு, முன்னும் பின்னும் வெளிச்சத்தை வடிகட்டும் கறுப்புத் தகடு. நடுவில் சாமானைப் பிடித்தால், நன்றாக ஆறிய கண்ணாடி இருட்டாகவே இருக்கும். சரியாக ஆறாமல் உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கிற இழுவை இருந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக எரியும். கடைசியாக விரல். கண்ணுக்கும் பெட்டிக்கும் தப்பியது விரலில் மாட்டும்.

இந்த மூன்றையும் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். எங்கள் பட்டறையில் மட்டும் இன்னொன்று இருந்தது. மாமா வைத்தது. ஊதியவர் தன் சாமானைத் தானே செக் பண்ணக் கூடாது. செக் பண்ணுகிறவர் நல்லதை நிமிர்த்தி வைக்க வேண்டும், ஆகாததைக் கவிழ்த்து வைக்க வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. கவிழ்த்ததை ஊதியவர் மட்டும்தான் கையில் எடுக்கலாம். அவர் பார்த்து, தெரிந்துகொண்டு, உடைசல் போடும் டிரம்மில் தானே போட்டு உடைப்பார். மூன்றாம் ஆள் எட்டிப் பார்க்கக் கூடாது.

"ஏன் மாமா, கழுத்து கோணல்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா அவன் கை கழுத்துக்கே பயந்துகினு கிடக்கும்மா. மத்ததெல்லாம் கெட்டுப்போவும். அவனே தேடட்டும். அதோட, நாலு பேர் முன்னால சொன்னா அது குத்தமாயிடும். கவுத்து வச்சா அது அவனுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல."

அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தாளில் எழுதி ஆணியில் குத்தினேன். இன்றைக்கு அந்தத் தாளை எடுத்துப் பார்க்க எனக்கு மனசில்லை.

விதி மாமாவுக்கும் சேர்த்துத்தான். பெட்டி என் கைக்கு வந்த மறு மாதம் அவர் ஊதிய குடுவை ஒன்றில் அடி மெலிந்திருந்தது. மருமகள் கவிழ்க்கலாமா என்று யோசித்தேன். கவிழ்த்தேன்.  மாமா அதை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பிப் பார்த்தார். டிரம்மில் போட்டு உடைத்தார். ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த குழாயை எடுத்தார். மத்தியானம் சாப்பிடும்போது பூபாலன் என் காதோரம் வந்து, "அண்ணி, இன்னிக்கு உங்க கொழம்பு கவுறப்போவுது பாருங்க" என்றான். மாமா இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். அவருக்குக் கேட்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

பூபாலன் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வேலையில் பேசமாட்டார். பேசினால் அது திட்டாகத்தான் இருக்கும். பூபாலன் ரப்பர் குழாய் வாயில் இருக்கும்போது மட்டும் சும்மா இருப்பான். "அண்ணி கண்ணுல படணும்னா பொண்ணு பார்க்கற வூட்ல கூட டியூப்லைட் போடணும்" என்பான். செல்வியை நான்தான் பார்த்து முடித்தேன். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக நிற்கிறான், நான் விபூதி பூசக் கிட்டே போனதும், "நிமித்தி வச்சீங்களா அண்ணி?" என்றான். வேலையில் அவனுக்கு ஈடு இல்லை. பெரிய குமிழ் எல்லாம் அவன்தான். சாத்துக்குடி அளவுக் குமிழ், உள்ளே வளைந்த குழாய் ஒன்று இருக்கும், கொதிக்கிற திரவம் தெறித்து மேலே ஏறாமல் தடுக்க. அதை அவன் ஊதி அடுக்கினால் ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அவனுடையதைக் கவிழ்க்க எனக்கு வருஷத்துக்கு நாலு தடவை வேலை வந்தால் அதிகம்.

மாமா போனபிறகும் அவர் விதி போகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதுகூட இல்லை. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாராவது பேசுவார்களா, அந்த மாதிரி.

'தானே' புயலில் கொட்டகையின் கூரை பறந்துபோனது. ஊரில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த நேரம், எங்கள் கூரையைப் பற்றி அழ யாருக்கும் நேரமில்லை. தகரம் போட்டோம், தெற்கே ஒரு ஜன்னல் வைத்தோம். பொங்கல் கழித்து வேலையைத் தொடங்கினோம். மாசி மாதம் லேப் ஒன்றுக்கு அந்தத் தெறிப்புக் குமிழ்கள் ஆர்டர் வந்தது. பூபாலன் உட்கார்ந்தான். ஓவனில் மெல்ல ஆறவைத்து எடுத்த முதல் தட்டிலேயே இரண்டில் கோடு துள்ளியது.

கவிழ்த்தேன். அவன் வந்து எடுத்தான், பார்த்தான், உடைத்தான். மறுநாள் மூன்று. அதற்கடுத்த வாரம் தட்டில் பாதி.

என் வீட்டுக்காரர் கவிழ்ந்தவற்றைத் தொடமாட்டார், எண்ணுவார். அவர் கண்ணுக்குப் பட்டது எண்ணிக்கை மட்டும்தான். "ஜன்னல் காத்து. நெருப்பு ஒரு பக்கமா சாயுது" என்று ஜன்னலை அடைத்தார். பர்னரைச் சுற்றித் தகடு வைத்தார். பர்னரைப் பிரித்துத் துவாரம் துவாரமாக ஊசி போட்டுச் சுத்தம் செய்தார். ரெகுலேட்டரை மாற்றினார். ஆக்சிஜன் கொண்டு வருகிறவரிடம் சண்டை போட்டார். "இந்தத் தடவ வந்த குழாயே சரியில்ல" என்று குழாய்க் கட்டைத் திருப்பி அனுப்பினார். காற்றை, நெருப்பை, இரும்பை, குழாயை எல்லாம் சந்தேகப்பட்டோம். ஊதுகிறவனை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தபோது என் வீட்டுக்காரர் சொன்னது இது: "ஒனக்குக் கவனம் இல்லடா."

 பூபாலன் ரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

எனக்குத் தெரியும். நெருப்பு சாய்ந்தால் ஒரு பக்கம் மெலியும். குழாய் கெட்டால் நரம்பு நரம்பாக ஓடும். சுற்றிலும் வளையம் விழுந்தால் அது மூச்சு அறுந்ததுதான். வேறு எதுவும் அப்படி ஒரு வளையத்தைப் போடாது. அது தெரிந்துகொண்டே நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், அவசரப்படுகிறான் என்று நினைத்தேன். புயலில் வீடு ஒழுகுகிறது, மனசு அங்கே இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு நாள், குடிக்கிறானோ என்றுகூட நினைத்தேன். நோய் என்று நினைக்கவில்லை. ஆனால், "பூபாலா, ரெண்டு மூச்சா விடறியே, ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் எதை நினைத்தால் என்ன, அவன் சொல்லியிருப்பான். கேட்கவில்லை. விதி. கவிழ்த்து வைத்தேன், அவன் எடுத்துப்போனான். எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் என் முகத்தை ஒரு கணம் பார்ப்பான். நான் அடுத்த குமிழை வெளிச்சத்தில் பிடித்துக்கொள்வேன்.

அந்தச் சித்திரையில் அவன் ஒன்று சொன்னான். தெர்மல் லேபுக்குச் சாமான் கொடுக்கப் போய்விட்டு வந்தவன், "மாடி ஏறதுக்குள்ள பஞ்சரான சைக்கிள் மாதிரி ஆயிட்டேன் அண்ணி. தள்ளிகினு வந்தேன் என்னை நானே" என்றான். சிரித்தேன். தாளில் எழுதி ஆணியில் குத்தினேன்.

ஆடி வாக்கில் அவனாகவே பெரிய குமிழை விட்டுவிட்டுச் சின்ன வேலைக்குப் போனான். "நீ ஊது அண்ணே, நான் மூடி வேலயப் பார்த்துக்கறேன்." என் வீட்டுக்காரருக்கு அதுவும் சோம்பேறித்தனமாகப்பட்டது.

ஐப்பசியில் ஒரு காலை செல்வி பட்டறைக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க கொழுந்தனார் படுக்கறதே இல்லக்கா. சுவத்துல சாஞ்சிகினே தூங்கறாரு. கேட்டா, இடுப்பு வலின்றாரு."

"எத்தினி நாளா?"

"நாளா இல்லக்கா. மாசம்."

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நான், செல்வி, அவன் மூன்று பேரும் போனோம். ஒரு அறையில் மெஷின் முன்னால் உட்கார வைத்து, அவன் வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, "நல்லா இழுத்துகிட்டு, நான் சொன்னதும் விடாம ஊதுங்க" என்றார் அங்கிருந்த பெண். பூபாலன் என்னைப் பார்த்து, "இத்தினி வருஷமா இதானே வேல. இதுக்கு பஸ்ஸேறி வேற வரணுமா" என்றான். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்கு ஈஸி சார். ஊதுங்க. ஊதுங்க, ஊதுங்க, விடாம, விடாம." பாதியில் இருமல் வந்து அறுத்தது. மறுபடி. மறுபடியும் அறுந்தது. நாலாம் தடவை அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. மெஷினிலிருந்து தாள் வந்தது. ஏறி இறங்க வேண்டிய கோடு, நடுவில் ஒரு இடத்தில் துள்ளியிருந்தது.

எனக்கு அந்தத் துள்ளல் புதிதில்லை. எட்டு மாதமாக அதைத் தட்டுத் தட்டாகப் பார்த்துவிட்டேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். நுரையீரல் தழும்பு பிடித்து இறுகிக்கொண்டே வருகிறது என்றார். பட்டறையில் என்னென்ன புழங்குவீர்கள் என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சூடான சாமானை வைக்க ஆஸ்பெஸ்டாஸ் அட்டை வெட்டி வைத்திருந்தோம் என்றேன். யார் வெட்டுவது என்றார். பூபாலன்தான் என்றேன். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார், இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

"போனது திரும்பாதும்மா. ஆரம்பத்துலயே வந்திருந்தா அந்த வேலைய விட்டு எழுப்பியிருப்போம். இன்னும் கொஞ்ச காலம் கெடைச்சிருக்கும்."

"எவ்ளோ காலங்க?" என்று செல்வி கேட்டாள்.

 அவர், இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டார். செல்வி தெரியாது என்று தலையாட்டினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவன் வீட்டில் இருந்தான். தை மாதத்திலிருந்து ஆக்சிஜன் வைத்தார்கள். சிலிண்டரைப் பார்த்ததும், "அண்ணன் பர்னருக்குன்னு தூக்கிகினு போயிடப்போறாரு, பார்த்துக்குங்க" என்றான். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தினமும் இரண்டு வேளை தம்பி வீட்டுக்குப் போவார், கட்டில் ஓரம் உட்காருவார், பேசாமல் திரும்பி வருவார். பட்டறையில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை எல்லாம் எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தவரும் அவர்தான்.

பங்குனியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு பூபாலன் பட்டறைக்கு வந்தான். என் வீட்டுக்காரர் லேபுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தான்.

"ஒன்னே ஒன்னு ஊதறேன் அண்ணி."

"நெருப்பாண்ட வேணாம்பா."

"நெல்லிக்காய் அளவு. செல்வி, நீ வெளிய போயி நில்லு. நீ பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும்."

உட்கார்ந்தான். கை சுற்றியது. அந்தக் கை கொஞ்சமும் மறக்கவில்லை. கண்ணாடி பதத்துக்கு வந்தது, வெளியே எடுத்தான், ஊதினான். நின்றது. ஊதினான். நின்றது. ஊதினான். முடித்ததும் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். நான் முதுகைத் தடவப் போனேன். வேண்டாமென்று விரலை அசைத்தான். ஓவனில் வைக்கும் சாமான் இல்லை அது. அப்படியே ஆறவிட்டோம்.

"செக் பண்ணுங்க."

"எதுக்கு இப்ப அது?"

"பாவம் பார்க்காதீங்க அண்ணி. எங்கப்பா ஊதுனதையே கவுத்தவங்க நீங்க."

டியூப்லைட்டைப் போட்டேன். கீழே பிடித்துத் திருப்பினேன். கோடு மூன்று இடத்தில் துள்ளியது. நிமிர்த்தி வைத்துவிட்டால் என்ன என்றுதான் கை போனது. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கவிழ்த்து வைத்தேன். வைத்துவிட்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, காரணத்தைச் சொன்னேன்.

"மூணு மூச்சு, பூபாலா."

அவன் மெல்லத் தலையாட்டினான். "மொதல்ல ரெண்டா இருந்துது. மாசில."

"தெரியும்பா."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் அண்ணி." இரண்டு மூன்று மூச்சு வாங்கிக்கொண்டான். "நாளைக்குச் சொல்லுவாங்க, நாளைக்குச் சொல்லுவாங்கன்னு பார்த்துகினே இருந்தேன். அண்ணன்கிட்ட நானா போயி முடியலன்னு சொல்ல வாய் வரல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அண்ணி சொல்லிட்டாங்கன்னு எழுந்துகினு போயிருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வுடுங்க. உங்களுக்கும் அப்பா சொல்லிவச்சதுதானே" என்றான். அந்த நெல்லிக்காய்க் குமிழை எடுத்துக்கொண்டு டிரம்மிடம் போனான். நான்கு எட்டுதான். நடுவில் ஒரு தடவை நின்றான். தூக்கிப் போட்டான்.

ஆனி பிறந்து பத்தாம் நாள் போய்விட்டான். நாற்பத்தி நாலு வயசு.

செல்வி அந்த மாதத்தோடு மேல்பட்டாம்பாக்கத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். நல்லது கெட்டதுக்கு வருவாள். வந்தால் என்னோடு படுத்துக்கொள்வாள். அவளிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மாசி மாதம் முதல் தட்டிலிருந்து. அவள் அழுதாள். பிறகு, "என்கிட்ட இடுப்பு வலின்னாரேக்கா" என்றாள். அவளுக்கு அவளுடைய உறுத்தல்.

நானும் என் வீட்டுக்காரரும் போன வருஷம் வரை வேலை பார்த்தோம். பூபாலனுக்குப் பிறகு நான் ஒரு சாமானையும் வாய் திறக்காமல் கவிழ்த்ததில்லை. அடி மெலிசு, கழுத்து கோணல், இங்கே இழுவை, இன்றைக்கு உங்களுக்குக் கை நடுங்குகிறது, சர்க்கரை பாருங்கள். அவருக்கு எரிச்சல் வரும். வரட்டும் என்று சொல்வேன்.

அந்த இரண்டு பெண்களுக்கும் நான் எழுத வேண்டிய செக்கிங் இதுதான். நீங்கள் கையில் பிடிப்பது கண்ணாடி மட்டும் இல்லை. ஒருவருடைய மூச்சு அதில் நிற்கிறது, கை நிற்கிறது, அன்றைக்கு அவர் தூங்கினாரா இல்லையா என்பதுகூட நிற்கிறது. முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் அது பிறகுதான் தெரியும். ஒரே மாதிரித் தப்பு இரண்டு தடவை வந்தால் சாமானை வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். சொன்னால் கோபம் வரும், குற்றமாகும், கை பயப்படும், எல்லாம் ஆகும். ஆகட்டும்.

இதை எழுதி முடித்துக் காலையில் என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். பூபாலன் பட்டறைக்கு வந்ததை, என்னிடம் சொன்னதை, இத்தனை வருஷமாக நான் அவரிடம் சொல்லவில்லை. தம்பி தன்னிடம் வாய் திறக்கப் பயந்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று விட்டிருந்தேன். அவர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்டார். முடித்ததும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கவனம் இல்லடான்னு நான் சொன்னத எழுதியிருக்கியா?" என்றார்.

"எழுதியிருக்கேங்க. வேணாம்னா அடிச்சிடறேன்."

"எத்தினி வாட்டி சொன்னதா எழுதியிருக்க?"

"ஒரு வாட்டி."

பாக்கெட்டை மேசையில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெனமும் சொன்னேன். அப்படியே எழுது."

தினமும் சொன்னார்.